உப்புப் போடாத சோறு

நான் ஒருநாளும் போகாத ஒரு தீவில் எந்த மாதம் எங்கே போனால் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். தீவின் பெயர் கரியாகூ. கரீபியன் கடலில் கிரனடாவுக்கு வடக்கே இருக்கிறது. பெரிய வரைபடத்தில்கூடத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மழைக்கு முன், சோளம் விதைப்பதற்கு முன், ஏப்ரலில் போனால் ஊர் ஊராக முறை வைத்து விருந்து கொடுப்பார்கள். ஜூன் கடைசியில் கிரனடாவில் மீனவர்களின் திருநாள். பாதிரியார் படகுகளுக்குத் தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்த பிறகு கரை நெடுக அடுப்பு மூட்டி மீன் பொரிப்பார்கள். ஆகஸ்டில் பாய்மரப் படகுப் போட்டி. சங்குச் சதையை மெதுவாகும்வரை அடித்துக் குழம்பு வைப்பது அப்போது. புதுப் படகைக் கடலில் இறக்கும் நாள் அமைந்தால் அதைத் தவறவிடக்கூடாது. அதற்கு மாதம் கிடையாது. தச்சர் வேலையை முடிக்கிற நாள்தான் நாள். காலையில் ஆடு அடிப்பார்கள், ஊரே கயிறு பிடித்து இழுக்கும், படகு மிதந்த பிறகுதான் சாப்பாடு. இவற்றில் எதற்கும் அழைப்பிதழ் இல்லை. போய் நின்றால் தட்டு வரும்.

இவ்வளவையும் எங்களுக்குச் சொன்னவர் அந்தத் தீவுக்காரர், லண்டனில் லூயிஷாமில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையின் தலைமைச் சமையல்காரி. என் மனைவி அங்கே உதவியாளாகச் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். நான் அப்போது ஒரு மருத்துவமனையின் பண்டகசாலையில் பகல் ஷிப்ட். மனைவிக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், வாய் திறந்து பேசக் கூச்சம். முதல் வாரத்தில் அந்த அம்மா ஒரு பையில் பச்சைத் துவரை கொண்டுவந்து மேசையில் கொட்டினாராம். அதைக் கண்டதும் இவளுக்குக் கூச்சம் போய்விட்டது.

“இது எங்கட துவரையெல்லோ!”

“உங்கட எண்டால், இவ்வளவு நாளும் நாங்கள் திண்டது ஆருடையது?”

அவர் பேசியது அந்தத் தீவின் ஆங்கிலம். வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு எனக்கு அது எங்கள் பேச்சாகவே ஞாபகத்தில் தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன். மனைவி அவரை அன்ரி என்று கூப்பிட்டாள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு மனைவி ‘பிள்ளை’, நான் ‘மிஸ்டர்’. கடைசிவரை மிஸ்டர்தான்.

சனிக்கிழமைகளில் சந்தையில் கிழங்கு வாங்கிக்கொண்டு எங்கள் பிளாட்டுக்கு வருவார். இரண்டாம் மாடி. படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே கதையைத் தொடங்குவார். சாப்பாட்டுக் கதைதான். எந்த விருந்து பார்க்கத் தகுந்தது, எது வெறும் குடிகாரர்களின் கூத்து, எந்த ஊர்க்காரர்கள் இறைச்சியை ஒளித்து வைத்துவிட்டு எலும்பைத் தருவார்கள் என்பதெல்லாம் வரும். எல்லாவற்றிலும் பெரியது ஏப்ரல் விருந்து என்பார். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் மரூன். செப்புக் கிடாரங்களை வெளியில் கல்லடுப்பில் ஏற்றி, விறகில் சமைப்பார்கள். சோளமாவைக் கிண்டி உருட்டிய களி, துவரை போட்ட சோறு, ஆட்டிறைச்சி, கோழி. எல்லாவற்றிலும் புகை மணக்க வேண்டும். புகை மணக்காவிட்டால் அது விருந்தே இல்லை.

“அது மழை கேட்டுச் செய்யிற விருந்து மிஸ்டர். சாப்பிட்டு முடியேக்க முதல் துளி விழோணும்.”

“இஞ்சையும் செய்யிறனீங்கள்தானே அன்ரி? லண்டனில என்னத்துக்கு மழை கேக்கிறியள்?”

“இஞ்ச கேக்கிறது, போதும் நிப்பாட்டு எண்டு. ஆனால் மேல இருக்கிற ஆக்களுக்கு வயசு போட்டுது. காது கேக்காது. பழையபடி மழையைத்தான் அனுப்பினம்.”

மேலே இருக்கிறவர்கள் என்று அவர் சொன்னது இறந்துபோன முன்னோரை. அந்த விருந்தில் முதல் தட்டு அவர்களுக்கு. உள்ளே ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சமைத்த எல்லாவற்றிலும் எடுத்து வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கதவைச் சாத்திவிடுவார்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்தாயிற்று என்று மூத்தவர் ஒருவர் சொன்னதும் பிள்ளைகள் பாய்ந்து அந்த மேசையைக் காலி செய்வார்கள். மனைவி இதைக் கேட்டு, “எங்கட படையல்தான், காகத்துக்குப் பதிலாப் பிள்ளையள்,” என்றாள். அன்ரிக்கு அது நன்றாகப் பிடித்தது. தன் பேரப்பிள்ளைகளை அதற்குப் பிறகு காகங்கள் என்றே சொல்லிவந்தார்.

ஒரு ஏப்ரலில் நாங்கள் கரியாகூவுக்குப் போவது என்று முடிவானது. எப்போது என்பதும் முடிவாகத்தான் இருந்தது: தம்பி வந்த பிறகு.

தம்பி என்பது மனைவியின் தம்பி. மூன்று பேரில் கடைசி. மூத்தவர், மனைவியின் அண்ணை, எங்களுக்கு முன்பே லண்டன் வந்து கிங்ஸ்பரியில் வீடு வாங்கி இருந்தார். தாய் தகப்பன் போன பிறகு யாழ்ப்பாணத்தில் இவன் மட்டும்தான். மனைவி அவனைவிட மிகவும் மூத்தவள். தாய் நோயாளியாக இருந்த காலத்தில் அவனைக் குளிப்பாட்டியதும் சோறு தீத்தியதும் அவள்தான். வா, வா என்று எழுதிக்கொண்டிருந்தாள். அவனுக்கு வர அவ்வளவு விருப்பம் இருக்கவில்லை. “அங்க குளிராம், மீன் ஐஸ் பெட்டியில்தானாம்,” என்று எழுதுவான். அன்ரியின் தீவைப் பற்றியும் பொரித்த மீனைப் பற்றியும் மனைவி பக்கம் பக்கமாக எழுதினாள். அதற்குப் பிறகுதான் சரி என்றான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர நேரான பாதை இல்லை. கடல்நீரேரியைப் படகில் கடந்து மறுகரைக்குப் போய், அங்கிருந்து கொழும்பு போக வேண்டும். புறப்படுமுன் எழுதிய கடிதத்தில், எங்கள் தொலைபேசி எண்ணைத் துணியில் எழுதிச் சட்டைக் கொலருக்குள் தைத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். அந்தக் கடிதம் வந்து சேர்ந்தபோது அவன் புறப்பட்டுக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. அன்று புறப்பட்ட படகுகளில் ஒன்று கரை சேரவில்லை. அவன் அதில் ஏறினானா, வேறொன்றில் ஏறினானா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவன் ஏறியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அவரே பிறகு, அது வேறு பையன் போல இருக்கிறது என்றார். உடல் கிடைக்கவில்லை. கொழும்பில் எங்களுக்குத் தெரிந்த லொட்ஜ் எல்லாவற்றிலும் விசாரித்தோம். தடுத்துவைத்திருப்பவர்கள் என்று சொல்லப்பட்ட பெயர்களில் தேடச் சொன்னோம். எதிலும் இல்லை.

மனைவி வீட்டை விட்டுப் போவதை அதன் பிறகு குறைத்துக்கொண்டாள். வேலைக்குப் போவாள், சந்தைக்குப் போவாள், நேரே திரும்புவாள். ஹவுன்ஸ்லோவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பாதியில் எழும்பிவிட்டாள். வீட்டில் போன் அடித்தால் எடுக்க ஆளில்லை என்பதுதான் காரணம். எங்களுக்கு வீடு தந்த கவுன்சிலில் இருந்து கீழ்மாடியில் இன்னும் ஒரு அறையோடு வேறு பிளாட் தருவதாகச் சொன்னார்கள். அந்த வட்டாரத்துக்கு மாறினால் எண் மாறும் என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டாள். யாராவது போனில் கதைத்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து நிற்பாள். லைன் எங்கேஜ் என்றால் அவன் திரும்ப எடுக்கக் காசு இருக்குமோ தெரியாது என்பாள்.

ஒரு வருடம் முடிந்தபோது அண்ணை எங்களைக் கிங்ஸ்பரிக்குக் கூப்பிட்டார். ஐயரிடம் கேட்டுவிட்டேன் என்றார். உடல் இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்யலாமாம். அதற்குப் பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பிறகு வருடா வருடம் திவசம்.

“இனியும் செய்யாமல் விட்டால் அவன்ர ஆத்மா அந்தரிச்சுத் திரியும், தங்கச்சி.”

“அவன் எங்கையாவது காம்பில இருந்தால்? உயிரோட இருக்கிறவனுக்குப் பிண்டம் வைக்கிறதோ?”

“இருந்தால் ஒரு துண்டுக் கடிதமாவது வராதே?”

“நீங்கள் லண்டன் வந்து எத்தினை மாசம் அம்மாவுக்குக் கடிதம் போடாமல் இருந்தனீங்கள்? அம்மா உங்களுக்குத் திவசம் செய்தவவோ?”

அவர் என் பக்கம் திரும்பினார். “மச்சான், நீர் ஒருக்காச் சொல்லும்.”

“அவவின்ர விருப்பம்தான்,” என்றேன்.

“நல்ல ஆளைக் கேட்டன்.”

அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். அதையும் சொல்ல வேண்டும். தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது. திரும்பும்போது ரயிலில் மனைவி ஒரு வார்த்தைதான் சொன்னாள். “நான்தானே வரச்சொன்னது.” அவன் இறந்துவிட்டான் என்று ஆனால் அவனைக் கூப்பிட்டுக் கடலில் விட்டவள் தான் என்று ஆகிவிடும். அவள் மறுத்ததெல்லாம் இதைத்தான்.

அந்தக் கோடையில் அன்ரி அவளை லண்டன் விருந்துக்குச் சமைக்கக் கூப்பிட்டார். ஒவ்வொரு வருடமும் கரியாகூக்காரர்கள் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் செய்வது வழக்கம். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், அதனால்தான் அவள் சம்மதித்தாள். நான் வீட்டில் போனருகே இருப்பது என்று முதலில் ஏற்பாடு. பிறகு அண்ணையின் மகள் வந்து இருந்துகொண்டாள். அவளுக்குப் பரீட்சை. படிக்க இடம் கிடைத்தால் போதும் என்றாள்.

மண்டபத்தின் பின்முற்றத்தில் கல் அடுக்கி, விறகு போட்டு, மூன்று கிடாரம் ஏற்றியிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் யாரோ புகையைக் கண்டு தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்தவர்கள் தலைக்கவசத்தோடு நின்று கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு கோழிக்கால் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் தூறல் தொடங்கியது. “கேட்டுது, கேட்டுது!” என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கத்திச் சிரித்தார்கள். தார்ப்பாய் கட்ட என்னைக் கூப்பிட்டார்கள்.

சோற்றுக் கிடாரம் மனைவியிடம் விடப்பட்டிருந்தது. துவரையும் தேங்காய்ப்பாலும் போட்ட சோறு. இறந்தவர்களுக்கு வைக்கும் சோறு என்று அன்ரி சொல்லியிருந்ததால் அவள் விடிய எழும்பித் தலை முழுகிவிட்டுத்தான் வந்திருந்தாள். படைக்கிற சாப்பாட்டை நாங்கள் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. உப்பைக் கையால் அள்ளிப் போட்டு, ஆவியை மணந்து பார்த்து, சரி என்று மூடிவிட்டாள்.

அன்ரியின் மூத்த சகோதரி ஹடர்ஸ்ஃபீல்டில் இருந்து வந்திருந்தார். ஊதா நிறத் தொப்பி, கையில் நீளக் கரண்டி. ஒவ்வொரு கிடாரமாகத் திறந்து ருசி பார்த்துக்கொண்டு வந்தவர் சோற்றில் நின்றுவிட்டார்.

“இதுக்கு ஆர் உப்புப் போட்டது?”

“நான்தான்,” என்றாள் மனைவி. “காணாதோ?”

சுற்றி நின்ற பெண்கள் அடுப்படியை விட்டுத் தள்ளிப் போய்ச் சிரித்தார்கள். “காணாதோ எண்டு கேக்கிறா!” என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்ரி ஓடி வந்தார்.

“பிள்ளை, மேசைக்கு வைக்கிறதுக்கு உப்பே போடுறேல்லை.”

“நீங்கள் சொல்லேல்லையே அன்ரி.”

“நீ ஒரு வாய் வைச்சுப் பாப்பாய், உப்புக் கேப்பாய், அப்ப சொல்லுவம் எண்டு இருந்தன். சமைக்கிறவ வாயில வைச்சுப் பாராமல் விடுவாவோ?”

“படைக்கிறதை எச்சில் படுத்துறதோ?”

மூத்தவர் இன்னொரு கரண்டி அள்ளிச் சாப்பிட்டார். “அப்ப உங்கட ஊரில கண்ணை மூடிக்கொண்டு சமைக்கிறனீங்களோ?”

“கை அளவுதான்.”

“கை நல்லா அளந்திருக்கு. உப்புச் சரி. பானைதான் பிழை.”

ஏன் உப்புக் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார், விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே. கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட முன்னோரில் உப்புத் தின்னாதவர்கள் ஒருநாள் கைகளை விரித்துப் பறந்து ஆபிரிக்காவுக்கே திரும்பிப் போய்விட்டார்களாம். உப்புத் தின்றவர்களுக்கு உடம்பு கனத்துவிட்டது. எழும்ப முடியவில்லை. “போகவேண்டிய ஆக்களுக்கு உப்புக் குடுத்து மறிக்கப்படாது. அதுதான்.” இதைச் சொல்லிவிட்டு வேறு கிடாரம் கழுவச் சொன்னார். இரண்டாவது சோற்றை அன்ரி பக்கத்தில் நின்று சமைப்பித்தார். முதல் கிடாரம் வந்திருந்தவர்களுக்குப் போனது, மிச்சமின்றி.

மேசை வைக்கும் நேரம் வந்தது. அன்ரி மனைவியை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வெள்ளைத் துணி, ஒரு போத்தல் ரம், ஒரு குவளை தண்ணீர், களி உருண்டைகள், நடுவில் மெழுகுவர்த்தி. மேசையின் ஒரு ஓரத்தில் ஒரு தட்டுக்கு இடம் விட்டிருந்தது.

“இதில உன்ர தம்பிக்கும் வை, பிள்ளை. நான் எல்லாரிட்டையும் கேட்டுப்போட்டன். எல்லாரும் ஓமெண்டிட்டினம்.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். தன் ஆட்களோடு இவள் ஆளையும் சேர்க்க அனுமதி கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். மனைவி தட்டைக் கையில் வாங்கவில்லை.

“அவனை இதில வைக்க வேண்டாம் அன்ரி.”

“ஏன் பிள்ளை?”

“அவன் சாகேல்லை.”

அன்ரி என்னைப் பார்த்தார். நான் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சமாதானமாக ஏதோ சொல்லத் தொடங்க, தொப்பிக்காரச் சகோதரி இடையில் புகுந்து மனைவியிடமே கேட்டார்.

“எப்பிடிப் போனவர்?”

“படகில.”

“ஆளைக் கண்டெடுக்கேல்லை?”

“இல்லை.”

“அப்ப இவ சொல்லுறது சரி. கண்டெடுக்காத ஆளை ஏன் அவசரப்பட்டு மேல ஏத்துறியள்? அவருக்கு இந்தப் பானை வேண்டாம். உப்புப் போட்டதில குடுங்கோ. கொஞ்ச நாள் நிக்கட்டும்.”

முதல் கிடாரத்தின் அடியைச் சுரண்டி ஒரு தட்டுச் சோறு எடுத்தார்கள். மனைவி அதில் பொரித்த மீன் இரண்டு வைத்தாள். மேசையில் அல்ல, வாசற்பக்கத்து யன்னல் விளிம்பில் வைத்தாள். கதவைச் சாத்தி, பிறகு திறந்து, பிள்ளைகள் பாய்ந்தபோது அவள் அந்த யன்னலை மறைத்துக்கொண்டு நின்றாள். ஒரு பெடியன் அவளுடைய இடுப்புக்குக் கீழால் கை விட்டான். “இது வேண்டாம் ராசா, இது ஒரு ஆளின்ர சாப்பாடு,” என்று தமிழிலேயே சொன்னாள். அவனுக்கு விளங்கிவிட்டது. தட்டை வெள்ளித்தாளால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் மதியம் நான் அதைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். அவள் பார்த்தாள். மீனை மட்டும், முள் பார்த்துத் தின்னுங்கோ என்றாள்.

அடுத்து வந்த கோடைகளிலும் இப்படியே நடந்தது. உப்புப் போட்ட சின்னப் பானை ஒன்று இவளுக்கென்று தனியாக வந்தது. மேசையில் இடம் விட்டிருக்கிறதா என்று யாரும் பேசவில்லை.

கிங்ஸ்பரியில் அண்ணை காத்திருந்து பார்த்துவிட்டுக் கிரியையைச் செய்துவிட்டார். இறந்த நாள் தெரியாததால் ஐயர் ஒரு திதியைப் பார்த்துக் கொடுத்தார். எங்களுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். மனைவி போகவில்லை. நான் போனேன். தர்ப்பை உருவத்துக்கு அவர் பால் தெளிக்கும்போது நான் பின்னால் நின்றேன். திரும்பி வந்தபோது மனைவி கதவைத் திறந்து, நான் சப்பாத்தைக் கழற்றும்வரை நின்றாள்.

“என்ன கறி வைச்சவை?”

சொன்னேன்.

“கத்தரிக்காயோ? அவன் கத்தரிக்காய் தின்னமாட்டானே. அண்ணைக்கு அதுகூடத் தெரியாது.”

அவள் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். கழுவ ஒன்றும் இருக்கவில்லை, எல்லாம் கழுவி வைத்ததுதான். அண்ணையும் அவளும் அதற்குப் பிறகு வருடக்கணக்கில் கதைக்கவில்லை. ஹவுன்ஸ்லோவிலோ கோவிலிலோ கண்டால் அவர் மச்சான் என்று என்னோடு கதைத்துவிட்டுப் போவார்.

அன்ரி ஓய்வு பெற்றுத் தீவுக்கே போனார். போகுமுன் எங்கள் வீட்டில் ஒருநாள் முழுக்க இருந்தார். ஏப்ரல் விருந்து தங்கள் ஊரின் முறை என்றும், அதைத் தானே முன்னின்று செய்யப்போவதாகவும், நாங்கள் இரண்டு பேரும் வந்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார்.

“இவ்வளவு காலமும் காதாலதானே சாப்பிட்டனீங்கள் மிஸ்டர். கையால சாப்பிட வாங்கோ.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தொலைபேசியைப் பார்த்தாள். அன்ரியும் அதைக் கண்டார். வற்புறுத்தவில்லை.

அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். மனைவி அவரோடு நின்றுகொண்டேதான் கதைப்பாள். எல்லாம் சுகமோ, முழங்கால் நோவு எப்படி, சரி அன்ரி வைக்கிறன், லைனை விடோணும். தூரத்தில் கோழி கூவுவது கேட்கும். முதல் ஏப்ரல் போனது. விருந்து எப்படி நடந்தது என்று அன்ரி சொல்ல நேரம் போதவில்லை. இரண்டாவது ஏப்ரலுக்கு நான் பயண முகவரிடம் போய் விசாரித்து வந்தேன். அவள் வேண்டாமென்றும் சொல்லவில்லை, ஓமென்றும் சொல்லவில்லை. அண்ணையின் மகளுக்கு இப்போது வேலை, அவளால் வந்து இருக்க ஏலாது என்றாள். அதே குளிர்காலத்தில் ஒரு காலை போன் அடித்தது. வழக்கம்போல மனைவிதான் ஓடி எடுத்தாள். லண்டனில் இருக்கும் அன்ரியின் மகள். அன்ரி முதல்நாள் தோட்டத்தில் துவரை பிடுங்கிக்கொண்டு நின்றபோது விழுந்துவிட்டாராம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

மனைவி அந்தப் போனை வைத்த பிறகும் கையை அதன்மேலேயே வைத்திருந்தாள். “அவவோட ஒருநாளும் ஆறுதலாக் கதைக்கேல்லை நான்,” என்றாள்.

அந்த வருடக் கோடை விருந்தில் மேசைச் சோற்றைச் சமைக்க அன்ரியின் மகள் இவளைத்தான் கேட்டாள். மூத்த சகோதரி ஒரு நாற்காலியில் இருந்தார். தனியாக நடக்க முடியவில்லை. தொப்பி அதே ஊதாத் தொப்பி. “உப்பு?” என்று தூரத்தில் இருந்தே கேட்டார். “போடேல்லை,” என்றாள் மனைவி. சின்னப் பானை வேண்டுமா என்று மகள் கேட்டபோது, பிறகு பாப்பம் என்றாள்.

உள்ளே மேசை விரித்தாயிற்று. அந்த வருடம் முதல் தட்டு அன்ரிக்கு. மனைவி கிடாரத்தில் இருந்து தானே சோறு எடுத்தாள். களி வைத்தாள், இறைச்சி வைத்தாள், மேசையின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு திரும்பி வந்து அதே கிடாரத்தில் இன்னொரு தட்டு எடுத்தாள். மீன் இரண்டு. அதை அன்ரியின் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப் போனாள். இடம் போதவில்லை. அன்ரியின் மகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருந்த மூத்த சகோதரி கையை நீட்டி ரம் போத்தலை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டார். தட்டு அங்கே அமர்ந்தது.

நான் அவளருகே போனேன். “இஞ்சரும்,” என்றேன்.

“இவ்வளவு நாளும் அவனுக்கு இதில ஆரையும் தெரியாது,” என்றாள். “அந்நிய சனத்துக்குள்ள கூச்சப்பட்டுக்கொண்டு பசியோட இருந்திருப்பான். இப்ப அன்ரி இருக்கிறா. கேட்டுப் போடுவா.”

கதவைச் சாத்தினார்கள். வெளியே மேளம் அடித்தார்கள். அவள் தார்ப்பாயின் கீழே நின்று கிடாரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்து பிள்ளைகள் ஓடிய சத்தம் கேட்டபோது ஒருமுறை தலையைத் தூக்கினாள், பிறகு தேய்த்தாள். நான் எட்டிப் பார்த்தேன். மேசையில் துணியும் மெழுகுவர்த்தியும் மட்டும்தான் இருந்தன. ஒரு சின்னப் பெட்டை மூலையில் குந்தியிருந்து மீன்முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில் மனைவி கேட்டாள், அண்ணை இந்த நேரத்தில் வீட்டில் நிற்பாரா என்று. நிற்பார், சனிக்கிழமைதானே என்றேன்.

“ஒருக்கா எடுத்துத் தாங்கோ. என்ன திதியில செய்யிறவரெண்டு கேக்கோணும்.”

வீட்டுக்கு வந்து எண்ணைச் சுழற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு இருந்தாள். அண்ணை, நான்தான் என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலும் இந்தப் பக்கத்திலும் வெகுநேரம் ஒருவரும் கதைக்கவில்லை. லைன் அப்படியே இருந்தது.